ரண சிகிச்சைக்கு முன் வீட்டில் ஒதுங்கியிருத்தல்

ரண சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டு விட்டது. இன்னும் பத்து நாட்கள் உள்ளன. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டின் அடியில், “அதுவரை வீட்டிலேயே ஒதுங்கியிருக்கவும், இருமல், ஜலதோஷம், ஜுரம் வராமல் காத்துக் கொள்ளவும்” என்று ஒரு வரி காணப்படுகிறது. வயிற்றில் பெரிய ரண சிகிச்சை செய்து கொள்ள வேண்டிய அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் இச்சீட்டுடன் வீடு திரும்புவதாக வைத்துக் கொள்வோம். வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் ஒரு கட்டிலும் தொலைக்காட்சிப் பெட்டியும். பின்னறையின் மூலையில் அடுப்பு. மகன் நாள்தோறும் பஸ்ஸில் நெருக்கியடித்துக் கொண்டு வேலைக்குச் சென்று வருகிறான். மருமகள் குழாயடிக்கும் கடைக்கும் போகாமல் இருக்க முடியாது. பேரனும் பேத்தியும் ஐம்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பிலிருந்து மாலையில் ஓடிவந்து, புத்தகப் பையைப் பாட்டியின் மடியில் இறக்குகிறார்கள். இத்தகைய வீட்டில் ‘ஒதுங்கியிருக்கவும்’ என்ற அந்த ஒரு வரியை எங்ஙனம் நிறைவேற்றுவது?

இது ஏதோ சில குடும்பங்களுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டுக் குடும்பங்களில் நூற்றுக்கு 37 குடும்பங்கள் ஒரே அறையில் வாழ்ந்தன. மேலும் நூற்றுக்கு 32 குடும்பங்கள் இரண்டு அறைகளில் வாழ்ந்தன. ‘தனி அறை, தனிக் குளியலறை’ என்று வைத்திய நூல்கள் கூறும் யோசனை இவ்வீடுகளைப் பொறுத்த மட்டில் ஏட்டுச் சுரைக்காயே. எனினும், ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டுடன் வருகிறவர் இதற்கு விளக்கம் கேட்பது பெரும்பாலும் ஊரிலுள்ள சுகாதார ஊழியரிடமும், படித்தவர் என்ற முறையில் பள்ளி ஆசிரியரிடமுந்தான். ஆகவே இவ்விஷயத்தில் ஆராய்ச்சி கண்ட உண்மைகள் எவை என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 2020ஆம் ஆண்டில் ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் எல்லோர் வாயிலும் அடிபட்டது. நோயுற்றவரிடமிருந்து வீட்டாரைக் காக்கும் ஏற்பாட்டையே அது அன்று குறித்தது. இங்கு நாம் எடுத்துக் கொண்டது அதற்கு நேர் மாறானது. வீட்டாரிடமிருந்து ஒருவரைக் காக்கும் ஏற்பாடு. இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்குவதால், ரண சிகிச்சைக்குக் காத்திருப்பவரையே தொத்து நோய் கண்டவரைப் போல மூலையில் உட்கார வைத்து விடுகிற குடும்பங்கள் உண்டு. ‘ஒதுங்கியிருத்தல்’ என்ற சொல் இதற்கு ஒருவாறு பொருந்தும்.

சாதாரண ஜலதோஷம் ரண சிகிச்சைக்கு ஏன் இடையூறாக வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. நம் சுவாசக் குழாய்களின் உட்புறம் முழுவதும் மிக நுண்ணிய மயிரிழைகள் உள்ளன. அவை இடைவிடாது அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன. வைரஸ் நோய் கண்டால் இவ்விழைகள் சேதமுறுகின்றன. மூக்கொழுகல் நின்ற பின்னரும் அவை பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். குழாய்கள் சற்றுத் தீண்டினாலும் இறுகிக் கொள்ளும் இயல்பும் அதுவரை நீடிக்கிறது. இந்நிலையில் மயக்க மருந்து கொடுத்தால், மிஞ்சியுள்ள இழைகளின் அசைவும் மந்தமாகிறது. முழு மயக்கத்தில் ஆழ்ந்திருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலின் கீழ்ப்பகுதியிலுள்ள சில காற்றறைகள் சுருங்கி ஒட்டிக் கொள்கின்றன. ஆரோக்கியமானவருக்கு இது பெரும்பாலும் தானே சரியாகி விடும். சளி நிறைந்த நுரையீரலோ எளிதில் மீளாது. வயிற்றில் தையல் போட்டிருக்கும்போது பலமாக இருமிச் சளியை வெளியேற்றவும் இயலாது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகி நிமோனியாவாக முடிகின்றன.

இது வெறும் ஊகமன்று. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியா பிரதேசத்தில் 59 ஆஸ்பத்திரிகளில் 2,464 நோயாளிகளைக் கவனித்து, 2010ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியிடப்பட்டது. ரண சிகிச்சைக்குப் பின் நுரையீரல் கோளாறு யாருக்கு வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் ஏழு அடையாளங்களை அது கண்டது. முதுமை, இரத்தச் சோகை, நீண்ட நேரச் சிகிச்சை ஆகியவற்றோடு, முந்திய ஒரு மாதத்திற்குள் சுவாச நோய் கண்டிருத்தலும் அவற்றுள் ஒன்று. வயதை மாற்ற யாராலும் இயலாது. ஜலதோஷத்தைத் தவிர்க்க வீட்டார் முயலலாம்.

கோவிட்-19 நோய் பரவிய காலத்தில் இவ்வுண்மை கொடிய முறையில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக் கழகத்திலிருந்து ஒருங்கிணைக்கப்பட்ட ஒரு சர்வதேசக் குழு, அந்நோய்க் கிருமியுடன் ரண சிகிச்சைக்குள்ளான 1,128 பேரின் விவரங்களை 24 நாடுகளிலிருந்து திரட்டி, 2020 மே மாதத்தில் வெளியிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் கோளாறு உண்டாயிற்று. 30 நாட்களுக்குள் 268 பேர், அதாவது நூற்றுக்கு 23.8 பேர், இறந்தனர். அதே குழு பின்னர் 116 நாடுகளைச் சேர்ந்த 1 இலட்சத்து 40 ஆயிரத்து 231 நோயாளிகளை ஆராய்ந்தது. நோய் காணாதவர்களிடையே மரண விகிதம் நூற்றுக்கு 1.5. நோய் உறுதியான இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை பெற்றவர்களிடையே அது 4.1, ஐந்தாறு வாரங்கள் கழிந்த பின்னுங்கூட 3.6, ஏழு வாரங்கள் கடந்தபின் மீண்டும் 1.5. தடுப்பு மருந்து பரவலாகி, கிருமியின் வீரியமும் மாறிய பிறகு, இந்த ஏழு வாரக் கணக்கை நிபுணர்கள் வெகுவாகத் தளர்த்தி விட்டனர். ஆயினும் நோய் கண்டவுடன் அவசரமின்றிக் கத்தியை எடுக்கலாகாது என்ற படிப்பினை நிலைத்து விட்டது.

இவ்வளவு அபாயம் உண்டென்றால், சிகிச்சைக்கு முன் நோயாளியை வீட்டில் பூட்டி வைப்பதே உத்தமம் என்று தோன்றும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிர்வாகம் 2020 மே மாதத்தில் ஏறக்குறைய அவ்வாறே விதித்தது. நோயாளி மட்டுமன்றி, அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் அனைவரும் ஆஸ்பத்திரியில் சேருமுன் 14 நாட்கள் வெளியே செல்லாதிருக்க வேண்டும் என்பது விதி. தத்துவம் சரிதான், வீட்டாரை விட்டுவிட்டு நோயாளியை மட்டும் ஒதுக்குவதில் பயனில்லை. ஆனால் ஒருவரின் ஆபரேஷனுக்காகக் குடும்பம் முழுவதும் இரண்டு வாரக் கூலியை இழப்பது எத்தனை பேரால் முடியும்? இரண்டே மாதங்களில் விதி மாற்றப்பட்டது. அந்நாட்டு வைத்திய நெறிமுறை ஸ்தாபனம் ஜூலை மாதத்தில் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, 14 நாட்கள் பிறரிடமிருந்து விலகி நடந்து, கைகளைச் சுத்தமாக வைத்துக் கொண்டால் போதும். கடைசி மூன்று நாட்களுக்குள் பரிசோதனை செய்து கொண்டு, அன்று முதல் ஆஸ்பத்திரியில் சேரும் வரை மட்டும் முற்றிலும் ஒதுங்கியிருக்க வேண்டும்.

இவ்வாறு ஒதுங்கியிருந்ததால் கிட்டிய பலன் என்ன? இதையும் மேற்கூறிய சர்வதேசக் குழு ஆராய்ந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான அந்த அறிக்கை, 114 நாடுகளில் முன்னதாகத் திட்டமிட்டு ரண சிகிச்சை பெற்ற 96,454 பேரைப் பற்றியது. அவர்களுள் 26,948 பேர் சிகிச்சைக்கு முன் ஒதுங்கியிருந்தவர்கள். நுரையீரல் கோளாறு அவர்களிடையே நூற்றுக்கு 2.1, ஒதுங்காதவர்களிடையே 2.0. ஒதுங்கியிருந்தவர்கள் அதிக வயதினர், ஏற்கெனவே மார்பு நோய் உள்ளவர்கள் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையன்று எனலாம். அவ்வேறுபாடுகளைக் கணிதமுறையில் கழித்துப் பார்த்தபோது முடிவு இன்னும் வியப்பளித்தது. ஒதுங்கியிருந்தவர்களுக்கே கோளாறு வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமாயிருந்தது. மூன்று நாட்களுக்கு மேல் ஒதுங்கியிருந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. எட்டு நாட்களும் அதற்கு மேலும் ஆனபோது இன்னும் மிகுந்தது.

இத்தகைய ஆராய்ச்சி ஒரு தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிரூபிக்காது. கணிதத்திற்கு அகப்படாத வேற்றுமைகள் இருந்திருக்கலாம். எனினும் இரண்டு விளக்கங்கள் சிந்திக்கத் தக்கவை. முதலாவது, நோயாளி வெளியே போகாவிட்டாலும் வெளியுலகம் வீட்டாரின் மூச்சுடன் உள்ளே வந்து கொண்டேயிருக்கிறது. இரண்டாவது, ஒதுங்கியிரு என்றால் பெரும்பாலோர் படுத்திரு என்று பொருள் கொள்கின்றனர்.

முதல் விளக்கத்திற்குச் சிறிது பௌதிகம் தேவை. இருமும்போதும் பேசும்போதும் வாயிலிருந்து பல அளவுள்ள துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நிற்கும் மனிதனின் வாய் உயரத்திலிருந்து, 100 மைக்ரான் குறுக்களவுள்ள துளி ஐந்தாறு விநாடிகளில் தரையில் விழுந்து விடும். 5 மைக்ரான் துகள் அசையாத காற்றில் விழுவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். 1 மைக்ரான் துகள் பத்து மணி நேரத்திற்கு மேலும் மிதக்கும். கதவும் ஜன்னலும் மூடிய அறையில் மாலை ஏழு மணிக்குப் பேரன் இருமினால், அவன் தூங்கப் போன பின்னும் அந்த இருமலின் ஒரு பகுதி அறைக் காற்றில் உலவிக் கொண்டிருக்கும் என்பது இதன் பொருள். வகுப்பில் இதைக் காட்ட வேண்டுமானால், இருண்ட அறையில் ஓட்டு இடுக்கின் வழியே விழும் வெயில் கற்றை போதும். அதில் மிதக்கும் தூசியில் பெரும்பகுதி மேற்கூறிய துகள்களை விடப் பருமனானது.

2020இல் பல வீடுகளில் நடந்ததை இங்கு நினைவு கூரலாம். தனித் தட்டு, தனித் தம்ளர், தனித் துண்டு என்று பாத்திரங்களை வெகு சிரத்தையுடன் பிரித்து வைத்தார்கள். மாலையில் ஜன்னலைச் சாத்திக் கொண்டு எல்லோரும் ஒரே அறையில் தொலைக்காட்சி முன் மூன்று மணி நேரம் அமர்ந்தார்கள். பாத்திரத்தைப் பிரிப்பது நம் நாட்டில் பழகிய வழக்கம். கண்ணுக்குத் தெரிவதால் மனத்திற்கும் திருப்தி. சோப்பிட்டு நன்றாகக் கழுவிய தட்டால் வரும் அபாயம் மிகச் சொற்பம். காற்றைப் பகிர்ந்து கொள்வதே பெரிய விஷயம்.

காற்றை மாற்றுவதற்குப் பணச் செலவு இல்லை. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் லீமா நகரத்து ஆஸ்பத்திரி அறைகளை அளந்து, 2007ஆம் ஆண்டில் ஒரு சுவையான முடிவை வெளியிட்டார்கள். கதவு ஜன்னல்களை முழுதும் திறந்து வைத்தால் அறைக்காற்று மணிக்குச் சுமார் 28 தடவை மாறியது. விலையுயர்ந்த இயந்திரக் காற்றோட்ட அறைகளில் மணிக்கு 12 தடவையே. 1950க்கு முன் கட்டப்பட்ட, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய கட்டிடங்களில் அது 40 தடவை வரை சென்றது. எதிரெதிரே இரு திறப்புகள் இருந்தால்தான் காற்று ஊடுருவும். ஒரே ஜன்னல் உள்ள அறையில் கதவையும் திறந்து வைக்க வேண்டும். குளிர் காலத்து வட இந்திய வீடுகளில் இரவு முழுவதும் திறந்து வைக்கச் சொல்வது நடவாத காரியம். பகலில் அடிக்கடி சிறிது நேரம் திறந்து விடுவதும், மூதாட்டியின் கட்டிலை மற்றவர்கள் தூங்கும் இடத்திலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் போடுவதும் இயலக் கூடியவை. வராந்தா உள்ள வீட்டில் பகல் பொழுதை அவர் அங்கேயே கழிக்கலாம். பின்னறையில் விறகடுப்பு எரியுமானால், அந்த அறை அவருக்கு ஆகாது. தனியறை கொடுக்கிறோம் என்று அடுப்புப் புகையில் உட்கார வைப்பது, நுரையீரலைக் காக்கும் வழியாகாது.

முகக் கவசத்தை வீட்டிற்குள் அணிவது பலருக்கு வேடிக்கையாகத் தோன்றும். பீகிங் நகரில் 124 குடும்பங்களைச் சேர்ந்த 335 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட தகவல் அந்த எண்ணத்தை மாற்றக் கூடியது. முதலில் நோய் கண்டவரோ அவர் வீட்டாரோ, நோய்க்குறி தோன்றுவதற்கு முன்பிருந்தே வீட்டில் கவசம் அணிந்திருந்த குடும்பங்களில் நோய் பரவுதல் நூற்றுக்கு 79 பங்கு குறைந்திருந்தது. குறி தோன்றிய பிறகு அணிந்தவர்களுக்கு அத்தகைய பலன் கிட்டவில்லை. எனவே மகனுக்குத் தும்மல் வரட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்றிருப்பது காலம் கடந்த யோசனை. கடைசி மூன்று நான்கு நாட்களில், வெளியே சென்று வருபவர்கள் மூதாட்டியின் அருகில் இருக்கும் நேரத்திலாவது கவசம் அணிவது, பதினான்கு நாட்கள் வேலையை விடுவதை விட எளிது.

பேரக் குழந்தைகளின் விஷயம் சற்றுக் கடினமானது. பாட்டியிடம் நெருங்காதே என்றால் ஐந்து வயதுக் குழந்தை அழும். பாட்டியும் அழக் கூடும். காரணத்தையும் கெடுவையும் சொல்லிவிட்டால், அதாவது இன்னும் நான்கு நாட்கள்தான் என்று சுவரில் கோடு கிழித்துக் காட்டினால், குழந்தைகள் பெரியவர்களை விட நேர்மையாக நடப்பதுண்டு. அந்தச் சில நாட்கள் குழந்தையை உறவினர் வீட்டில் விட வசதியுள்ளவர்கள் அவ்வாறு செய்யலாம். மூக்கொழுகும் மாணவன் ஒருவனின் வீட்டில் யாருக்கேனும் ஆபரேஷன் நெருங்குகிறதென்று தெரிந்தால், அவன் விஷயத்தில் வருகைப் பதிவேட்டின் கண்டிப்பை ஆசிரியர் சிறிது தளர்த்தலாம்; அவனுக்குப் பக்கத்தில் அமர்பவனின் பாட்டிக்கும் அதனால் நன்மை உண்டு.

இனி, படுத்திருத்தலைப் பற்றி. அமெரிக்காவில் சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ கிராம் தசையை இழந்திருந்தனர். நம் மூதாட்டிக்குக் கொடுக்கப்பட்டதும் பத்து நாட்களே. ரண சிகிச்சைக்கு மறுநாள் எழுந்து நடக்க வேண்டிய கால்களை, அதற்கு முன்பே வீட்டார் அன்பினால் மெலிய வைத்து விடுகிறார்கள். “நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, உட்கார்ந்திருங்கள்” என்று மருமகள் சொல்வதில் உள்ள அன்பைக் குறை கூற முடியாது. ஆனால் டாக்டர் தடுத்திருந்தாலொழிய, முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஆளில்லாத வேளையில் காலையும் மாலையும் நடப்பது அவருக்கு அவசியம். விடியற்காலைத் தெருவில் கூட்டமில்லை. அங்கு நடப்பதும் ஒதுங்கியிருத்தலுக்கு விரோதமன்று. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதைப் பத்துத் தடவை செய்தாலும் தொடைத் தசைக்குப் பயிற்சியாகும்.

மூச்சுப் பயிற்சிக்கும் நல்ல ஆதாரம் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூஜீலந்திலும் மேல் வயிற்றில் பெரிய ரண சிகிச்சை செய்து கொள்ளவிருந்தவர்களில் ஒரு சாராருக்கு, முன்னதாகவே உடலியக்க நிபுணர் ஒருவர் அரை மணி நேரம் விளக்கினார். சிகிச்சை முடிந்து கண் விழித்தவுடன் ஆழ்ந்து மூச்சு விட வேண்டும், தையலைத் தலையணையால் அணைத்துக் கொண்டு இரும வேண்டும் என்ற விதமாக அவர் கற்றுக் கொடுத்தார். மறு சாராருக்கு அச்சிட்ட குறிப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. நுரையீரல் கோளாறு இவர்களிடையே நூற்றுக்கு 27. கற்றுக் கொண்டவர்களிடையே 12. இது 2018ஆம் ஆண்டில் வெளியான முடிவு. ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே செல்லும் ஒரு நாளில் இதைக் கேட்டுத் தெரிந்து கொண்டு, ஒதுங்கியிருக்கும் நாட்களில் பழகலாம். வீட்டிலிருக்கும் சலிப்பில் ஆண்கள் சிலர் வழக்கத்தை விட அதிகமாகப் பீடி புகைப்பது கண்கூடு. குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன் நிறுத்தினால் சிகிச்சைக்குப் பின் வரும் கோளாறுகள் குறையும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இதற்குத் தேதி கிடைக்கும் வரை காத்திராமல், பெயர் பதிவு செய்த அன்றே தொடங்க வேண்டும்.

எல்லா ரண சிகிச்சைக்கும் இந்த ஏற்பாடு வேண்டுவதில்லை. கண்ணில் புரை நீக்குவது போன்று, உணர்விழக்கச் செய்யும் மருந்தை அவ்விடத்தில் மட்டும் இட்டுச் செய்யும் சிகிச்சைகளில் நுரையீரலுக்கு அபாயம் மிகக் குறைவு. கண்ணில் கருவி இருக்கும் வேளையில் பலமாக இருமினால் ஆபத்து என்பதால், இருமல் இருந்தால் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே. இவர்களைப் பத்து நாட்கள் அடைத்து வைத்து அச்சுறுத்துவது தேவையற்றது. அதற்கு மாறாக, குழந்தைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பிளவுற்ற உதடு, அண்ணம் போன்ற சிகிச்சைகளில் ஜலதோஷம் மிகவும் கவனிக்க வேண்டிய ஒன்று. குழந்தைகளின் சுவாசக் குழாய் குறுகியது. சிறிது வீங்கினாலும், இறுகினாலும் மூச்சுத் தடைப்படும்.

இவ்விடத்தில்தான் களப் பணியாளர்கள் அடிக்கடி காணும் ஒரு தொல்லை குறுக்கிடுகிறது. குடும்பத்தார் ஜலதோஷத்தை மறைத்து விடுகிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று கொள்வது அநியாயம். பல மாதங்கள் காத்திருந்து தேதி பெற்றிருக்கிறார்கள். லீவு எடுத்து, கடன் வாங்கி, இரவு முழுவதும் ரயிலில் வந்திருக்கிறார்கள். “இருமல் உண்டா?” என்று கேட்கும்போது ‘உண்டு’ என்றால் திருப்பி அனுப்பி விடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜுரத்தை மாத்திரையால் தணித்துக் கொண்டு வந்து படுக்கிறவர்களும் உண்டு. புற்று நோய் உள்ளவர்களுக்குத் தள்ளிப் போடுவதிலும் மெய்யான நஷ்டம் இருக்கிறது. பல வகைப் புற்று நோய்களைக் கணக்கில் கொண்டு 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பின்படி, ரண சிகிச்சை நான்கு வாரங்கள் தாமதப்பட்டால் மரண வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 8 வரை கூடுகிறது. இந்த நஷ்டத்தையும் ஜலதோஷத்தின் அபாயத்தையும் எடை போட்டுப் பார்க்க வேண்டியவர்கள் ரண சிகிச்சை நிபுணரும் மயக்க மருந்து நிபுணரும் ஆவர். எடை போடுவதற்கு அவர்களுக்கு உண்மை தெரிய வேண்டும். ஜலதோஷம் என்றவுடன் எல்லாவற்றையும் அவர்கள் தள்ளிப் போடுவதுமில்லை. மூக்கில் மட்டும் நீர் வடிந்து, ஜுரமும் மார்புச் சளியும் இல்லாவிட்டால் சில சமயம் குறித்த நாளிலேயே செய்து முடிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை பொறுத்துச் செய்கிறார்கள்.

மறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் ரயில் ஏறிய பின்னரே வலுப்பெறுகிறது. ஆகையால், குறித்த நாளுக்கு மூன்று நாட்கள் முன்பாகச் சுகாதார ஊழியர் வீட்டிற்குச் சென்று, நோயாளியை மட்டுமன்றி வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பற்றி விசாரித்தல் மிகுந்த பயன் தரும். யாருக்கேனும் தொண்டை வலியோ ஜுரமோ இருந்தால், அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து, நோயாளியின் பதிவு எண்ணையும், நோய்க்குறி தொடங்கிய நாளையும் தெரிவிக்க வேண்டும். தள்ளிப் போடுவதாகச் சொன்னால், புதிய தேதியை அந்தப் பேச்சிலேயே கேட்டுப் பெற்று, பழைய சீட்டின் மீது எழுதிக் கொடுத்து விட்டு வருவது நல்லது. கையில் மறு தேதி இருக்கும் குடும்பம் அடுத்த தடவை இருமலை மறைப்பதில்லை.